காலணிக்கு ஏற்ற காலுறை: ஆடவர் அறிந்திருக்க வேண்டியவை

புஞ்சாக் ஆலாம் வட்டாரத்தில் ஒரே வீட்டில் நான்கு விதமான காலணிகளைப் பார்க்கலாம். தந்தை செம்பனைத் தோட்டத்திற்குப் போட்டுச் செல்லும் ரப்பர் பூட்ஸ், மூத்த மகன் தொழிற்சாலைக்கு அணியும் இரும்பு முனைப் பாதுகாப்புச் சப்பாத்து, இளையவனின் பந்து விளையாடும் சப்பாத்து, திருமணத்திற்கும் அலுவலகத்திற்கும் எடுக்கும் கறுப்புத் தோல் சப்பாத்து என்று வாசலில் வரிசையாக இருக்கும். ஆனால், இவை அனைத்திற்கும் உள்ளே போகும் காலுறை பெரும்பாலும் ஒன்றேதான். இரவுச் சந்தையில் கட்டாக விற்கப்படும் காலுறையை அளவு பார்க்காமல் வாங்கி, வீட்டிலுள்ள ஆண்கள் எல்லாரும் மாற்றி மாற்றி அணிவது வழக்கமாகிவிட்டது.

சப்பாத்து சரியாக இருந்தும் கால் கொப்பளிப்பது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது, கெண்டைக்காலில் பட்டை அழுந்திய தடம் விழுவது ஆகியவற்றுக்குப் பல நேரங்களில் காலுறையே காரணம். சாதாரணமானவருக்கு இது சில நாள் தொல்லை. இனிப்புநீர் உள்ளவருக்கோ ஒரு சிறு கொப்புளம் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு போகக்கூடும். எனவே, எந்தக் காலணிக்கு எந்தக் காலுறை, அதை எப்படி அளந்து வாங்குவது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தோட்டமும் காலும்

நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் உருவானது கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே பத்தாங் பெர்ஜுந்தையில் தென்னமரம் தோட்டத்தைத் தொடக்கினார். அந்த ஊர் இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படுகிறது. அக்காலத்தில் ரப்பர் தோட்டங்களிலும் பிற தோட்டங்களிலும் வெறுங்காலோடு வேலை செய்தவர்களே அதிகம். ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். இரத்தசோகையால் தோட்ட மக்கள் மெலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கழிப்பறையும் காலணியும் வந்த பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

காலணி வந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இந்த மண்ணில், காற்றுப் புகாத பூட்ஸுக்குள் கால் நாள் முழுதும் வியர்வையில் ஊறுகிறது. ஊறிய தோல் மெலிந்து, உராய்ந்தால் எளிதில் கிழியும். காலுறை செய்ய வேண்டிய வேலை இங்குதான் இருக்கிறது. வியர்வையைத் தோலிலிருந்து விலக்க வேண்டும், சப்பாத்துக்கும் தோலுக்கும் இடையே உராய்வைத் தாங்க வேண்டும், இரண்டையும் நாள் முழுதும் சுருங்காமல் செய்ய வேண்டும்.

அளவு எடுப்பது எப்படி?

காலுறைக்கு அளவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ‘ஃப்ரீ சைஸ்’ என்று அச்சிட்ட காலுறை எல்லாக் காலுக்கும் இழுபடும். எல்லாக் காலுக்கும் பொருந்தாது.

மாலை வேளையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது அளப்பதே சரி. சுவரோரம் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி நின்று, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போட வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். இரண்டு காலையும் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதம் ஏறக்குறைய 26.5 சென்டிமீட்டர் இருந்தால் சப்பாத்து அளவு ஐரோப்பிய எண்ணில் 42, பிரிட்டிஷ் எண்ணில் 8 என்ற அளவில் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடு உண்டு.

காலுறை அட்டையில் பெரும்பாலும் 39–42, 43–46 என்று சப்பாத்து எண்களே இருக்கும். சிலவற்றில் பாத நீளம் சென்டிமீட்டரில் இருக்கும். இன்னும் சிலவற்றில் 10–13 என்பது போன்ற எண்கள் இருக்கும். அவை சப்பாத்து எண்கள் அல்ல. அமெரிக்கக் காலுறை எண்கள். சப்பாத்து 10 அணிபவர் அதைப் பார்த்து வாங்கி ஏமாறக்கூடாது.

போட்ட பிறகு நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது குதிகால். காலுறையின் குதிப்பை சரியாகக் குதிகாலில் உட்கார வேண்டும். கணுக்கால் பக்கம் ஏறி நின்றால் காலுறை பெரிது. பாதத்துக்கு அடியில் இறங்கினால் சிறிது.

இரண்டாவது விரல் பகுதி. விரல்களை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். நுனியில் துணி தொங்கினால் அது சப்பாத்துக்குள் மடிந்து விரலைக் கடிக்கும். தையல் விரல்களின் மேல் பக்கம் தட்டையாகக் கிடக்க வேண்டும். நுனியிலோ அடியிலோ வரக்கூடாது.

மூன்றாவது அடிப்பாகம். நின்று பார்க்கும்போது ஒரு சுருக்கமும் இருக்கக்கூடாது. சிறு சுருக்கம்கூட ஆயிரம் அடி நடந்த பிறகு கல் போல உறுத்தும்.

நான்காவது மேல் பட்டை. மாலையில் கழற்றும்போது ஆழமான பள்ளமாகத் தடம் விழுந்து நெடுநேரம் மறையாமல் இருந்தால் பட்டை இறுக்கம். நடக்க நடக்கக் கீழே இறங்கி வந்தால் தளர்ச்சி.

என்ன நூல்?

பருத்திதான் சிறந்தது என்பது பொதுவான நம்பிக்கை. சட்டைக்கு அது சரி. காலுறைக்கு அது முழுக்கச் சரியல்ல. பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் விரைவில் விடாது. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டி உராய்வைக் கூட்டும். சாதாரணக் காற்றில் நூல் தன்னுள் பிடித்து வைக்கும் ஈரத்தை நெசவுத் தொழிலில் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் ஆட்டுக் கம்பளிக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு, பருத்திக்கு 8 விழுக்காடு, நைலானுக்கு 4 விழுக்காடு, பாலியஸ்டருக்கு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. கம்பளி நூல் ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டும் தொட்டால் நனையாதது போல இருக்கும். பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சாமல் வெளியே கடத்திவிடும். ஆனால் நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே நாள் முழுதும் நடப்பவருக்குக் கலப்பு நூலே ஏற்றது. பருத்தியோடு போதிய அளவு நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்து, குதிகாலிலும் விரலிலும் நைலான் கூடுதலாகச் சேர்த்துப் பின்னியது நெடுநாள் உழைக்கும். இழுபடுவதற்கு எலாஸ்டேன் சிறிதளவு இருந்தால் போதும். நூறு விழுக்காடு பருத்தி என்று பெருமையாக எழுதியிருப்பது சில வாரங்களில் தொய்ந்துவிடும்.

ரப்பர் பூட்ஸுக்கு

குலை வெட்டுபவர், உதிரிப் பழம் பொறுக்குபவர், மருந்து அடிப்பவர் ஆகியோர் அணியும் ரப்பர் பூட்ஸுக்குக் காலுறை பூட்ஸின் விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். கட்டையான காலுறை போட்டால் விளிம்பு கெண்டைக்காலை அறுக்கும். காலுறையும் நடக்க நடக்கக் குதிகாலுக்குக் கீழே சுருண்டுவிடும். அடிப்பாகம் தடித்து, மேல் பாகம் மெலிந்து பின்னியது சிறப்பு. கொப்புளம் அடிக்கடி வருபவர் மெல்லிய நைலான் காலுறையை உள்ளேயும் தடித்ததை வெளியேயும் போட்டுப் பார்க்கலாம். அப்போது உராய்வு இரண்டு துணிகளுக்கு இடையே நடக்கும், தோல் தப்பிக்கும்.

பூட்ஸ் காற்றுப் புகாதது என்பதால் எவ்வளவு நல்ல காலுறையும் நண்பகலுக்குள் நனைந்துவிடும். பையில் ஒரு சோடி உலர்ந்த காலுறை வைத்திருந்து, சாப்பாட்டு நேரத்தில் காலைத் துடைத்து மாற்றிக்கொள்வதைவிடச் சிறந்த வழி இல்லை. விலை உயர்ந்த ஒரு சோடியை நாள் முழுதும் போடுவதைவிட, நடுத்தர விலையில் இரண்டு சோடியை மாற்றிப் போடுவதே காலுக்கு நல்லது.

மருந்து அடிப்பவர் காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகக்கூடாது; வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து நேராகக் காலுறையில் இறங்கி, மணிக்கணக்கில் தோலில் ஊறும். அப்படி நனைந்த காலுறையை உடனே கழற்றிக் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் எலித்தொல்லை எப்போதும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து பரவும் எலிக்காய்ச்சல், தோலில் உள்ள வெட்டு, உரசல், கொப்புளம் வழியாகவே பெரும்பாலும் உள்ளே நுழைகிறது. காலுறை அந்தக் கிருமியைத் தடுக்காது. பூட்ஸும் காயமில்லாத தோலும்தான் தடுக்கும். ஆனால் தோல் காயப்படாமல் காப்பது காலுறையின் வேலை. சேற்றில் வேலை செய்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் என்ன வேலை செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பாதுகாப்புச் சப்பாத்துக்கு

தொழிற்சாலையிலும் கிடங்கிலும் வேலை செய்பவர் அணியும் சப்பாத்தின் முனையில் இருக்கும் இரும்பு வளைந்து கொடுக்காது. தடித்த காலுறை போட்டால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நகம் இரும்பில் மோதும். மிக மெல்லியதைப் போட்டால் இரும்பின் உள் விளிம்பு விரல் மூட்டில் தேயும். விரலிலும் குதிகாலிலும் மட்டும் சற்றுத் தடித்து, மேல் பாதத்தில் மெலிந்த, கணுக்காலுக்கு மேல் வரும் காலுறையே இதற்குப் பொருத்தம். புதுச் சப்பாத்தைப் போட்டுப் பார்க்கப் போகும்போது வேலைக்கு அணியும் காலுறையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். கடையில் தரும் மெல்லிய காலுறையோடு அளவு பார்த்தால் மறுநாள் வேலையில் இறுக்கும்.

சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புக் கருவிகளுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக்கூடாது என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் இந்தச் சட்டம் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. சப்பாத்தின் அளவு பொருந்தவில்லை என்றால் மாற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. காலுறை மட்டும் பெரும்பாலும் தொழிலாளியின் சொந்தச் செலவு.

பாதுகாவலர் வேலையில் 12 மணி நேரம் நிற்பவர்கள் இவ்வட்டாரத்தில் பலர். மாலையில் கால் வீங்குகிறது என்று அழுத்தக் காலுறையைத் தாமாக வாங்கிப் போடுவது ஆபத்து. காலில் இரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அது கேடு செய்யும். மருத்துவரிடம் கேட்ட பிறகே அணிய வேண்டும்.

தோல் சப்பாத்துக்கும் விளையாட்டுச் சப்பாத்துக்கும்

அலுவலகத் தோல் சப்பாத்து பாதத்தை ஒட்டித் தைக்கப்படுவது. அதற்கு மெல்லிய, நெருக்கமாகப் பின்னிய காலுறையே பொருந்தும். தடித்த விளையாட்டுக் காலுறையை அதில் திணித்தால் சப்பாத்தும் விரியும், விரலும் நசுங்கும். நிறம் காற்சட்டையோடு ஒத்துப் போனால் போதும். உட்காரும்போது காற்சட்டை ஏறினாலும் கால் தெரியாத அளவுக்குக் கெண்டைக்கால் வரை உயரம் இருக்க வேண்டும்.

கோயிலுக்கும் வீடுகளுக்கும் போகும்போது சப்பாத்தைக் கழற்றுவது நம் வழக்கம். கழுவிவிட்ட கோயில் தரையில் காலுறையோடு நடந்து, அது நனைந்தபடியே மீண்டும் சப்பாத்துக்குள் காலை விடுவது சேற்றுப்புண்ணுக்கு அழைப்பு. வாசலிலேயே கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து, திரும்பி வந்ததும் விரலிடுக்கைத் துடைத்துவிட்டுப் போடுவதே முறை.

ஓடவும் நடக்கவும் அணியும் சப்பாத்துக்குக் காலுறை சப்பாத்தின் பின் விளிம்பைவிடச் சற்றேனும் உயர வேண்டும். தோட்டத் திடலில் தொடங்கித் தாமான் திடல் வரை தொடரும் காற்பந்தாட்டத்திற்கு முழங்கால் வரை வரும் காலுறை வேண்டும். முன்னங்கால் காப்புப் பட்டை முழுவதும் காலுறைக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. வளரும் பிள்ளைக்குப் பெரிய அளவு காலுறை வாங்கி மடித்துப் போடச் சொல்வது சிக்கனமாகத் தெரியும். அந்த மடிப்புதான் குதிகாலில் கொப்புளமாகும்.

அல்பாக்கா காலுறை யாருக்கு?

அண்மைக் காலமாக இணைய விற்பனையில் அல்பாக்கா காலுறைகளும் வருகின்றன. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைகளில், 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளரும் ஒட்டக இனத்தைச் சேர்ந்த விலங்கு அல்பாக்கா. உலகின் அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெருவில்தான் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2024ஆம் ஆண்டை ஒட்டக இனங்களின் அனைத்துலக ஆண்டாக அறிவித்திருந்தது.

அதன் மயிர் மென்மையானது. இழைகளில் பலவற்றின் நடுவே காற்றறைகள் இருப்பதால் எடை குறைவாகவும் சூடு கூடுதலாகவும் இருக்கும். அட்டையில் ‘பேபி அல்பாக்கா’ என்று இருந்தால் அது குட்டியின் மயிர் என்று பொருளல்ல. ஏறத்தாழ 22 மைக்ரோன் அல்லது அதற்கும் மெலிந்த இழை என்பதைக் குறிக்கும் தரப்பெயர் அது. ஆட்டுக் கம்பளியில் உள்ள சுருள் இதில் குறைவு. அதனால் இழுத்தால் மீண்டும் சுருங்கும் தன்மையும் குறைவு. முழுக்க அல்பாக்காவில் பின்னிய காலுறை விரைவில் தொய்ந்து குதிகாலில் மடியும். நைலானும் சிறிது எலாஸ்டேனும் கலந்ததே காலில் நிற்கும். அட்டையில் விழுக்காட்டைப் படிக்காமல் வாங்கக்கூடாது. இவ்வகைக் காலுறையில் பெரிய அளவை எடுப்பதைவிட, காலோடு ஒட்டி நிற்கும் அளவை எடுப்பதே சரி.

புஞ்சாக் ஆலாமின் வெயிலில் தடித்த அல்பாக்கா காலுறைக்கு வேலை இல்லை. ஆனால் மூன்று வகையினருக்கு அது பயன்படும். மைனஸ் 18 டிகிரியில் உணவுப் பொருள் வைக்கும் குளிர்க்கிடங்குகளில் வேலை செய்பவர் முதல் வகை. 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் அதிகாலையில் இறங்குபவர் இரண்டாம் வகை. குளிர் நாடுகளுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் பிள்ளைகள் மூன்றாம் வகை.

இவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பழைய அளவுச் சப்பாத்துக்குள் தடித்த காலுறையைத் திணித்தால் கால் இன்னும் குளிரும். காலுறைக்குள் இருக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அது நசுங்கிவிட்டால் சூடும் போகும், இரத்த ஓட்டமும் தடைபடும். தடித்த காலுறைக்கு அரை அளவோ ஓர் அளவோ பெரிய பூட்ஸ் வேண்டும்.

இதைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். துணி இயந்திரத்தில் வெந்நீரில் போட்டால் சுருங்கி இறுகிவிடும்.

இனிப்புநீர் உள்ளவருக்கு

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியச் சமூகத்தில் இந்த அளவு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது ஆய்வுதோறும் தெரிய வருகிறது. நெடுநாள் இனிப்புநீர் காலின் நரம்புகளைப் பாதிக்கும்போது கல் குத்தினாலும் காலுறை மடிந்து உறுத்தினாலும் தெரியாது. வலி தெரியாததால் புண் பெரிதாகும் வரை யாரும் பார்ப்பதில்லை.

இத்தகையோர் வெள்ளை அல்லது வெளிர் நிறக் காலுறையையே அணிய வேண்டும். இரத்தமோ சீழோ கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். கறுப்புக் காலுறையில் தெரியாது. விரல் தையல் இல்லாததோ மிகத் தட்டையானதோ வேண்டும். தையல் தடித்திருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பி அணியலாம். மேல் பட்டை இறுக்கமில்லாமல் இருக்க வேண்டும். கிழிந்ததைத் தைத்துப் போடக்கூடாது. அந்தத் தையல் முடிச்சே புண்ணாக்கும். சப்பாத்தைப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பதும், இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பார்ப்பதும் அன்றாட வழக்கமாக வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம் அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். அரசாங்க கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இனிப்புநீருக்கு மருந்து எடுப்பவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

துவைப்பதும் தூக்கிப் போடுவதும்

காலுறையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும். தோல் செதிலும் வியர்வையும் உள்ளேதான் ஒட்டியிருக்கும். சேற்றுப்புண் உள்ளவரின் பருத்திக் காலுறையை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவிட வேண்டும். மருந்து பூசியும் பழைய காலுறையிலிருந்தே மீண்டும் தொற்றுவது உண்டு. ஒருவரின் காலுறையை மற்றவர் அணியக்கூடாது; தந்தையும் மகனும் ஆனாலும்தான். பூட்ஸையும் இரவில் உள்ளே ஈரம் போகும்படி கவிழ்த்து வைக்க வேண்டும்.

குதிகாலில் வெளிச்சம் தெரியும் அளவுக்குத் தேய்ந்தது, மேல் பட்டை தளர்ந்தது, அடிப்பாகம் கட்டியாக இறுகியது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் அந்தக் காலுறையின் ஆயுள் முடிந்தது. ஒரு வேலைக்கு ஐந்து ஆறு சோடிகளை ஒரே நிறத்தில் ஒரே வகையாக வாங்கி வைத்தால், ஒன்று போனாலும் மற்றதோடு சோடி சேர்க்கலாம். பூட்ஸுக்கு உயரமானது, பாதுகாப்புச் சப்பாத்துக்கு முனை தடித்தது, தோல் சப்பாத்துக்கு மெல்லியது, இனிப்புநீர் உள்ளவருக்கு வெளிர் நிறத்தில் தளர்ந்த பட்டை உள்ளது. இப்படிப் பிரித்து வாங்க ஆகும் செலவு, கால் புண்ணால் போகும் ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவுதான்.